வால் நறுக்கப்பட்ட சொல்

1920இல் லண்டனில் இருந்த ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியலாளர் மிகச் சிறிய கட்டுரை ஒன்றை எழுதினார். சோதனை, அட்டவணை எதுவும் அதில் இல்லை. அவர் கேட்டது இரண்டுதான். வைட்டமின் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் வாயே திறக்காமல் நின்ற 'ஈ' எழுத்தை எடுத்துவிட வேண்டும். இந்தப் பொருள்களை இனி ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் அழைக்க வேண்டும். இரண்டையும் உலகம் ஏற்றுக்கொண்டது. செவிலியர் பட்டயப் படிப்பின் முதலாண்டில் ஊட்டச்சத்துப் பாடத்தைத் திறக்கும் மாணவி இன்று படிப்பது அந்த வால் நறுக்கப்பட்ட சொல்லைத்தான்.

ஓர் ஊமை எழுத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? வேதியியலில் பெயரின் கடைசி அசைதான் பொருளின் குலத்தைச் சொல்லும். 'ஓஸ்' என்று முடிந்தால் சர்க்கரை, 'ஆல்' என்று முடிந்தால் ஆல்கஹால் இனம். அந்த 'ஈ' எழுத்தோடு 'இன்' என்று முடிந்தால் அமீன் போன்ற நைட்ரஜன் உள்ள காரப்பொருள் என்று கொள்வார்கள். அமீன் என்பது அமோனியாவின் வழித்தோன்றல். 'ஈ' இல்லாமல் 'இன்' என்று மட்டும் முடிந்தால், உள்ளமைப்பு இன்னும் தெரியாத நடுநிலைப் பொருளுக்கும் அதைச் சூட்டலாம் என்பது அன்றைய இங்கிலாந்து வேதியியல் கழகத்தின் பெயரிடல் விதி. டிரம்மண்ட் அந்தச் சந்துக்குள் சொல்லை நுழைத்துவிட்டார். ஓர் எழுத்தை எடுத்ததும் சொல்லிலிருந்து ஒரு தவறான உரிமைகோரல் கழன்றது.

அந்த உரிமையைக் கோரியவர் காசிமிர் ஃபுங்க். 1884இல் வார்சாவில் பிறந்த போலந்துக்காரர், லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தீட்டிய அரிசியை மட்டும் தின்று கழுத்து திருகிக் கால் விளங்காமல் கிடந்த புறாக்களுக்கு அரிசித் தவிட்டின் சாற்றைக் கொடுத்து எழுப்பினார். குணப்படுத்தும் பொருள் எது என்று தவிட்டை வடித்து வடித்துப் பிரித்துக்கொண்டே போனபோது, நைட்ரஜன் உள்ள படிகங்கள் கையில் தங்கின. நைட்ரஜன் இருக்கிறது, காரத்தன்மை இருக்கிறது, ஆகவே அமீன் என்று முடிவு கட்டினார். லத்தீனில் 'வீட்டா' என்றால் உயிர். உயிருக்கு வேண்டிய அமீன், அதாவது 'வீட்டா-அமீன்'. 1912இல் அச்சேறிய கட்டுரையில் பெரிபெரி, ஸ்கர்வி, பெல்லாக்ரா மூன்றுமே இத்தகைய ஏதோ ஒன்று உணவில் இல்லாததால் வருபவை என்றார். ரிக்கெட்ஸ் நோயும் இந்த வகையாக இருக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்.

நோய்களைப் பற்றிய அந்தக் கருத்து வியக்கத்தக்க அளவுக்குச் சரி. பெயர் மட்டும் அவசரம். இன்று நாம் எண்ணும் 13 வைட்டமின்களில் ஏ, சி, டி, ஈ, கே ஐந்திலும் நைட்ரஜன் துளிகூடக் கிடையாது. ஃபுங்கின் கையிலிருந்த படிகங்களிலும் பெரும்பகுதி நிக்கோடினிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. அது பெரிபெரியைக் குணப்படுத்தாது. தேடிய பொருளை விட்டுவிட்டு வேறொரு வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது என்னவென்று அறியாமல் இருந்திருக்கிறார். அந்த அமிலம்தான் பெல்லாக்ராவுக்கு மருந்து என்பதை 1937இல் அமெரிக்காவில் எல்வெஹெம் காட்டினார். பிறகு ரொட்டி மாவில் அதைக் கலக்கத் தொடங்கியபோது புகையிலையின் நிக்கோட்டினைச் சேர்க்கிறார்களோ என்று மக்கள் மிரள, 'நியாசின்' என்ற புதுப்பெயர் கட்டப்பட்டது. நிக்கோடினிக்கிலிருந்து ஒரு துண்டு, அமிலத்துக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து ஒரு துண்டு, கடைசி அசை வைட்டமினிலிருந்து.

ஃபுங்கின் பெயருக்குப் போட்டியே இல்லை என்று நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் 'துணை உணவுக் காரணிகள்' என்றார். பொருத்தமான பெயர், ஆனால் அலுவலகக் கோப்பின் தலைப்பு மாதிரி இருந்தது. ஜப்பானில் சுசுகி உமெத்தாரோ ஃபுங்குக்கு முன்பே தவிட்டுச் சாற்றைப் பிரித்து, நெல்லின் தாவரப் பெயரான 'ஒரைசா'விலிருந்து 'ஒரைசானின்' என்று பெயர் சூட்டினார். இந்த இடத்தில் தமிழருக்குக் கை துறுதுறுக்கும். ஒரைசா என்ற கிரேக்கச் சொல் நம் 'அரிசி'யிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறோம். வடமொழி 'வ்ரீஹி'யோடு உறவுள்ள பழைய ஈரானியச் சொல் வழியாகத்தான் கிரேக்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பலர் வாதிடுகிறார்கள். ஒலி ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து அரிசிக்கு மகுடம் சூட்ட எனக்கு மனமில்லை. அரிசிக்கு இந்தக் கதையில் அதைவிட உறுதியான இடம் இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபுங்கின் சொல் வென்றதற்குக் காரணம் அதன் ஓசை. காதுக்கு நன்றாக இருக்க வேண்டும், சட்டென்று பரவ வேண்டும் என்று கருதியே தேர்ந்தெடுத்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பு நோய் என்றால் கிருமி அல்லது நஞ்சு, ஏதோ ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று பொருள். பாஸ்டரும் கோக்கும் காட்டிய வெற்றிகளின் வெளிச்சத்தில் அப்படித்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒன்று இல்லாமற்போவதும் நோயைத் தரும் என்ற எண்ணத்துக்கு மருத்துவர்களின் மனத்தில் நிற்க இடமில்லை. இல்லாத ஒன்றை எப்படிச் சுட்டுவது? பெயர் கிடைத்த பிறகுதான் அந்த இன்மை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

அந்தக் கண் இல்லாமல் தடுமாறியவர்களில் மிகப் பெரியவர் கிறிஸ்டியான் எய்க்மன். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில், இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவில், பெரிபெரிக்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். 'பெரிபெரி' என்ற பெயருக்கே இரண்டு பிறப்புக் கதைகள் உண்டு. சிங்களத்தில் 'பெரி' என்றால் இயலாமை, இரட்டிக்கும்போது 'முடியவே முடியவில்லை' என்ற பொருள் வரும் என்பது அகராதிகள் பெரும்பாலும் தரும் விளக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஜாவாவில் இருந்த போந்தியுஸ் என்ற டச்சு மருத்துவரோ, முழங்கால் தள்ளாடி ஆடுபோல நடப்பதால் உள்ளூர் மக்கள் ஆட்டின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள் என்று எழுதினார். இரண்டில் எதை எடுத்தாலும் நோயாளியின் கால்தான் பெயருக்குள் இருக்கிறது.

எய்க்மனின் ஆய்வகக் கோழிகளுக்குத் திடீரென்று அதே போன்ற தள்ளாட்டம் வந்தது. பிறகு திடீரென்று போயும்விட்டது. விசாரித்தால், கோழிக்காரன் செலவைக் குறைக்க ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தான். புதிதாக வந்த சமையற்காரரோ ராணுவச் சோறு சிவிலியன் கோழிக்குக் கிடையாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. எய்க்மன் இதையெல்லாம் சோதித்து உறுதிப்படுத்தினார். ஆனாலும் சோற்றின் மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்றுதான் முதலில் விளக்கினார். அவருக்குப் பின் அங்கே வேலை செய்த ஹெரிட் கிரெய்ன்ஸ் 1901இல் அதைத் திருப்பிப் போட்டார்: நஞ்சு ஏதுமில்லை, நரம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று வெள்ளைச் சோற்றில் இல்லை. 1929இல் நோபல் பரிசு எய்க்மனுக்கும் ஹாப்கின்ஸுக்கும் போனது. கிரெய்ன்ஸுக்கும் இல்லை, பெயர் வைத்த ஃபுங்குக்கும் இல்லை.

அரிசிக்கு வருகிறேன். அதே ஆண்டுகளில் மலாயாவில் வேலை செய்த பிராடன் என்ற ஆங்கில மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதே வெயிலிலும் அதே மழையிலும் தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களிடம் இந்த நோய் அநேகமாக இல்லை. சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கல் அரிசி. 1907இல் பிராடன் இதைப் புத்தகமாகவே போட்டார். ஆனால் அவரும் பழைய பச்சரிசியில் பூஞ்சை நஞ்சு சேர்வதாகவே நம்பினார். கோலாலம்பூர் ஆய்வு நிறுவனத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் அடுத்த ஈராண்டுகளில் நெகிரி செம்பிலானில் ஜாவானியக் கூலித் தொழிலாளர்களை இரு அணிகளாகப் பிரித்து, ஓர் அணிக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசி அணியில் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றியதும் நோயும் அணி மாறியது. காரணம் தவிட்டோடு போகும் ஒரு பொருள் என்பது அப்போது தீர்ந்தது.

புழுங்கலில் நடப்பது இதுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டு அடுக்கில் இருக்கும் அந்தப் பொருள், அதாவது இன்று நாம் வைட்டமின் பி1 என்பது, தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்பக்கம் இறங்குகிறது. அவியும் மாவுச்சத்து குழைந்து, உலரும்போது இறுகி, அதை உள்ளேயே பிடித்து வைக்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு தங்கிவிடும். நம் முன்னோர் வைட்டமினை அறிந்து நெல்லை அவித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும். நெல் நொறுங்காமல் இருக்கவும் பூச்சி அண்டாமல் இருக்கவும்தான் அவித்தார்கள். பயன் தானாக வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்திலேயே பச்சரிசி தின்ற வடசர்க்கார் கரையில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் தின்ற தெற்கில் அரிது. இந்தப் புதிரை ஆராயத்தான் 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். அது வளர்ந்து, பின்னாளில் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

டிரம்மண்டின் இரண்டாவது யோசனைக்கு வருவோம். எழுத்துகளை முதலில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மெக்காலம். 'கொழுப்பில் கரையும் ஏ', 'நீரில் கரையும் பி' என்று அவர் பிரித்திருந்தார். இன்றும் தேர்வில் கேட்கப்படும் அந்தப் பிரிவினை பெயராகத்தான் பிறந்தது. டிரம்மண்ட் நீளத்தைக் குறைத்து ஸ்கர்வி காரணிக்கு சி என்று வைத்தார். 1922இல் டி வந்தது, அதைத் தொடர்ந்து ஈ. அப்புறம் வரிசை கலைந்தது. எஃப் என்றது கொழுப்பு அமிலம் என்று தெரிந்தது. ஜி என்றது பி2தான். எச் என்பது தோலுக்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அது இன்றைய பயோட்டின். பி ஒன்றே என்று எண்ணியது பலவாக உடைந்து எண்கள் ஒட்டிக்கொண்டன, அவற்றிலும் 4, 8, 10, 11 எல்லாம் பின்னால் தள்ளுபடியாயின. பி-காம்ப்ளெக்ஸ் அட்டையின் பின்புறம் எண்கள் தாவித் தாவிப் போவதற்கு அச்சகத்தைத் திட்ட வேண்டாம்.

எச் போலவே கே-யும் வரிசையில் வந்ததல்ல. கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய தீனி போட்டு வளர்த்த கோழிக்குஞ்சுகள் ரத்தம் உறையாமல் கசிந்து செத்தன. உறைதலுக்கு டேனிஷிலும் ஜெர்மனிலும் 'கோஆகுலேஷன்'; இரண்டிலும் அந்தச் சொல் 'கே' எழுத்தில்தான் தொடங்கும். 1935இல் அதையே பெயராக்கினார். இதை ஒருமுறை தெரிந்துகொண்ட மாணவிக்குப் பிறந்த குழந்தையின் தொடையில் கே ஊசி ஏன் என்று தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கருப்பையில் நஞ்சுக்கொடி வழியாகக் கே மிகக் குறைவாகவே வருகிறது; தாய்ப்பாலிலும் குறைவு; பெரியவர்களின் குடலில் அதைத் தயாரிக்கும் பாக்டீரியாக்கள் பச்சிளம் குடலில் இன்னும் குடியேறவில்லை. கல்லீரலில் உறைவுப் புரதங்கள் முழுமையாக உருவாகக் கே வேண்டும். அது இல்லாவிட்டால் கொப்பூழிலிருந்தும், சில வேளை மூளைக்குள்ளும் ரத்தம் கசியும்.

சி-யின் இயற்பெயர் சூட்டலில் ஒரு வேடிக்கை உண்டு. 1920களின் கடைசியில் சென்ட்-ஜார்ஜி என்ற ஹங்கேரியர் அட்ரீனல் சுரப்பியிலிருந்து சர்க்கரை போன்ற ஒரு பொருளைப் பிரித்தார். அது என்னவென்று தெரியாததால், 'அறியேன்' என்ற பொருள்படும் லத்தீன் வேரோடு சர்க்கரைக்குரிய 'ஓஸ்' விகுதியைச் சேர்த்து 'இக்னோஸ்' என்று எழுதி அனுப்பினார். இதழாசிரியர் ஆர்தர் ஹார்டன் கடுகடுத்தார். சரி, 'காட்நோஸ்' என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்று பதில் போனது. கடைசியில் ஹெக்சுரானிக் அமிலம் என்ற உலர்ந்த பெயரில் அச்சேறியது. அதுவே ஸ்கர்வியைத் தடுப்பது என்று உறுதியானதும், 'ஸ்கர்வி இல்லாமற்செய்வது' என்ற பொருளில் அஸ்கார்பிக் அமிலம் ஆனது. எனக்கு இக்னோஸ்தான் பிடித்திருக்கிறது. ஏ, பி, சி என்ற எழுத்துகள் அடக்கமாகச் சொன்னதை அது உரக்கச் சொன்னது.

ஒவ்வொன்றின் வேதியியலும் விளங்க விளங்க, எழுத்துக்குப் பின்னால் உண்மைப் பெயர் வந்தது. இதில் இரண்டு அண்ணன் தம்பிகளின் பங்கு தமிழ் வாசகர்களுக்கு அதிகம் தெரியாதது. அமெரிக்க மிஷனரிக் குடும்பம் ஒன்றில் அண்ணன் ராபர்ட் வில்லியம்ஸ் 1886இல் நெல்லூரில் பிறந்தார். தம்பி ரோஜர் வில்லியம்ஸ் 1893இல் உதகமண்டலத்தில். இரண்டும் அன்றைய சென்னை மாகாணத்து ஊர்கள். அண்ணன் மணிலாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தவிட்டுச் சாற்றால் பெரிபெரிக் குழந்தை பிழைப்பதைக் கண்டு, கால் நூற்றாண்டு அதைத் துரத்தினார். பத்தேவியாவில் யான்சனும் டோனாத்தும் 1926இல் அதன் படிகத்தை எடுத்துவிட்டார்கள்; அமைப்பைக் கண்டு செயற்கையாகச் செய்தது 1936இல் வில்லியம்ஸ். கந்தகத்துக்கான கிரேக்க வேர் 'தையோ'வை வைட்டமினோடு சேர்த்துத் தயமின் என்றார். நைட்ரஜன் அதில் இருக்கிறது, அமீன் தொகுதியும் இருக்கிறது. ஃபுங்க் தேடிய அந்த ஒரு பொருளுக்கு மட்டும் அவர் பெயர் பொருந்தியே வந்திருக்கிறது. நறுக்கிய 'ஈ' எழுத்தைத் தயமினின் வாலில் இன்றும் பலர் ஒட்டியே எழுதுகிறார்கள்.

தயமின் செல்லுக்குள் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் பெரிபெரியின் பெயரில் இருக்கும் கால் ஏன் தள்ளாடுகிறது என்பது புரியும். குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அசிட்டைல் கோ-ஏ ஆக மாறும் வாசலில் தயமினிலிருந்து உருவாகும் துணைநொதி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை இருந்தும் செல் பட்டினி. ஓய்வில்லாமல் ஆற்றல் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் அடிபடும். நீண்ட நாள் குடியால் உடல் தேய்ந்து வார்டுக்கு வருபவருக்குத் தயமின் ஊசியை முதலில் போட்டு, குளுக்கோஸ் டிரிப்பைப் பிறகு ஏற்றும் வழக்கம் இதனால்தான். வெறும் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவழிந்து மூளை கலங்கிப்போகலாம்.

தம்பி ரோஜரின் கையிலிருந்து வந்தவை பான்டோதெனிக் அமிலமும் ஃபோலிக் அமிலமும். முதலாவது 'எங்கிருந்தும்' என்ற கிரேக்கச் சொல். எந்த உயிர்த் திசுவிலும் அது இருந்தது. இரண்டாவதை 1941இல் டெக்சாஸில் அவரும் கூட்டாளிகளும் நான்கு டன் ஸ்பினாச் கீரையிலிருந்து பிரித்தார்கள். இலைக்கு லத்தீனில் 'ஃபோலியம்'. இவற்றை அளக்கத் தராசாக நின்றவை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும். எந்தப் பொருளைச் சேர்த்தால் நுண்ணுயிர் செழிக்கிறதோ அதில் வைட்டமின் இருக்கிறது. அதற்குப் பத்தாண்டு முன்பே லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய் ஆலைத் தொழிலாளிகளான கர்ப்பிணிகளின் ரத்தசோகையை மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு தீர்ப்பதைக் கண்டிருந்தார். குன்னூரிலும் சில காலம் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். 'வில்ஸ் காரணி' என்று அழைக்கப்பட்டது கடைசியில் ஃபோலிக் அமிலமாகவே முடிந்தது. அதைச் செயற்கையாகத் தயாரித்த அமெரிக்க லெடர்லே ஆய்வகக் குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கர்ப்பகாலப் பரிசோதனையில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்குள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஃபோலேட்டை நாம் உணவிலிருந்து எடுக்கிறோம், பாக்டீரியாக்களோ தாமே செய்துகொள்ள வேண்டும். சல்ஃபா மருந்துகள் அந்தத் தயாரிப்பைத்தான் முடக்குகின்றன. நம் செல்லைத் தொடாமல் கிருமியை மட்டும் அடக்குவது அதனால் முடிகிறது.

தமிழில் இச்சொல் மூன்று வேடம் போட்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வைட்டமின், பேச்சில் பெரும்பாலும் விட்டமின். இலங்கைப் பாடநூல்களில் விற்றமின். அங்கே 'ற்ற' என்ற இணைப்பு ஆங்கில 'ட'வுக்கு நிற்கும். முதல் அசையை 'வை' என்பது அமெரிக்கர் வாய், 'வி' என்பது ஆங்கிலேயர் வாய். கலைச்சொல்லாக்கியவர்கள் தந்தது உயிர்ச்சத்து. அதில் 'வீட்டா' இருக்கிறது, அமீன் இல்லை. அமீனின் இடத்தில் எந்த வேதியியல் குலத்தையும் கோராத 'சத்து' உட்கார்ந்திருக்கிறது. வடமொழி வழி வந்த சொல்தான், ஆனால் டிரம்மண்ட் எழுத்தை வெட்டிச் சாதித்ததை வெட்டாமலே சாதித்துவிடுகிறது.

எனக்குச் சங்கடம் தருவது மற்ற பாதி. உயிர் என்ற சொல் பெயரில் இருப்பதால் எவ்வளவு கூடினாலும் நல்லதுதான் என்று தோன்றிவிடுகிறது. ஒரு சத்து ஊசி போடுங்கம்மா என்று கேட்டு வருபவர்களுக்கு, சோர்வு எதனால் என்று பார்ப்பதற்கு முன்பே ஊசி கிடைத்துவிடுகிறது. பி இனமும் சி-யும் நீரில் கரைபவை, மிகுந்தது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். மஞ்சளாகப் போவது ரைபோஃபிளேவின், அதன் பெயரிலேயே மஞ்சளுக்கான லத்தீன் சொல் இருக்கிறது. ஏ-யும் டி-யும் அப்படியல்ல, கொழுப்பிலும் கல்லீரலிலும் தங்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஏ மிகுந்தால் கருவுக்கே கேடு. டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

அங்கன்வாடியில் ஏ சொட்டு மருந்து கொடுக்கும்போது ஒன்பது மாதக் குழந்தைக்கு 1 லட்சம் அலகு, அதற்குப் பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் அலகு என்பது அரசின் கணக்கு. அவ்வளவு பெரிய அளவை ஒரே தடவையில் வாயில் விட முடிவதும், மறுபடி ஆறு மாதம் பொறுக்க வேண்டியிருப்பதும் ஒரே காரணத்தால்: கல்லீரல் அதைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது. பக்கத்து ஊர் முகாமில் போன மாதம் போட்டார்களா என்று தாயிடம் கேட்டு, அட்டையில் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் புட்டியைத் திறக்க வேண்டும்.